வாய்க்காலில் தொங்கவிட்ட கூடு

அக்காவின் கிணறு வற்றிப்போகவில்லை. வாளியை விட்டால் நிறையத்தான் வரும். அந்த வாளியைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் மேலே ஒரு எண்ணெய்ப் படை மிதக்கும், நீலமும் ஊதாவுமாக மினுங்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கராஜ் மணம். குடிக்க ஏலாது, உலை வைக்க ஏலாது. கிழமையில் இரண்டு நாள் பவுசர் லொறியில் தண்ணீர் வரும். ஹோர்ன் சத்தம் கேட்டதும் முழங்கால் நோவோடு அக்கா பிளாஸ்டிக் கலன்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். சொந்த வளவுக்குள் கிணற்றை வைத்துக்கொண்டு தெருவில் தண்ணீருக்கு நிற்கிற அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பவுசர்க்காரனைத் திட்டியிருக்கிறேன். பாவம், அவன் என்ன செய்வான்.

அக்காவின் வீடு குருநகரில், வாய்க்காலிலிருந்து முப்பது அடி கூட இல்லை. நகரத்துக்குள்ளால் வருகிற மழைவாய்க்கால் அது. கடைகளையும் கராஜ்களையும் கடந்து வந்து, அக்கா வீட்டுப் பின்வேலியை உரசிக்கொண்டு கடலுக்குள் விழும். அத்தான் கடலுக்குப் போகிறவர். சண்டையில் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து, சல்லி சல்லியாகச் சேர்த்துக் கட்டிய வீடு. அதை விட்டுவிட்டு இன்னொரு தரம் ஓடு என்று அவர்களிடம் யாராலும் சொல்ல முடியாது.

கிணறு பழுதானபோது எல்லாரும் பழகிக்கொள்ளத்தான் பார்த்தார்கள். பெறாமகள் பிள்ளைத்தாய்ச்சியான பிறகுதான் அது பெரிய பிரச்சினையானது. அவள் அக்காவின் ஒரே மகள், நானும் தூக்கி வளர்த்தவள். புத்தூரில் தோட்டக்காரக் குடும்பம் ஒன்றில் விரும்பிக் கலியாணம் கட்டியவள். அவர்கள் சைவம், நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். முதல் ஒரு வருடம் இரண்டு பக்கமும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சரிவந்தது. முதற்பிள்ளைக்குத் தாய்வீட்டில் வந்து நிற்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அக்காவுக்கு அது ஆசையையும் தாண்டியது. மகள் வந்து தன் வீட்டில் படுத்தெழும்பினால்தான் விட்டுப்போன உறவு முழுசாக ஒட்டும் என்று அவள் நம்பினாள்.

சம்பந்தியம்மா பொல்லாதவள் இல்லை. ஒரு நாள் தானே வந்தாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், வாளித் தண்ணீரை மணந்து பார்த்தாள்.

"கோவிக்காதேங்கோ. பச்சைப்பிள்ளையை இந்தத் தண்ணியிலை எப்பிடிக் குளிப்பாட்டுறது? தண்ணி சரிவரட்டும், நானே கொண்டுவந்து விடுறன்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்தபடியால்தான் அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வாய்க்காலுக்குள் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மேலே, பெரிய தெருவோரம், வாகனம் கழுவி ஒயில் மாற்றுகிற சேர்விஸ் நிலையம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு முழுக்கப் பூசைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துக் கழிவு ஒயிலைத் திறந்து விடுவார்கள். நாங்கள் கோயிலால் வரும்போது வாய்க்கால் கறுத்துக் கிடக்கும். முறைப்பாடு கொடுத்தால் மாநகரசபை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார். எப்போது? செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, தேத்தண்ணி குடித்து முடித்து! போத்தலில் ஒரு மிடறு தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார். "குறிப்பிடத்தக்க மாசு இல்லை" என்று கடிதம் வரும். மூன்று தரம் வந்தது. மூன்றையும் அக்கா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

நான் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். குடுவை கழுவுவது, மாதிரி எடுத்து வருவது, பெயர் ஒட்டுவது. போத்தலில் எடுத்த தண்ணீர் அந்த ஒரு நிமிசத்தின் கதையைத்தான் சொல்லும் என்று எங்களுக்குப் பொறுப்பாயிருந்த சேர் அடிக்கடி சொல்லுவார். அதற்காகவே ஏதோ ஒரு திட்டத்தில் அவர் சில கருவிகள் எடுப்பித்து வைத்திருந்தார். அவர் அதை 'பசிவ் சாம்ப்ளர்' என்பார், நான் கூடு என்பேன். சோற்றுப்பானை மூடியளவு கம்பிக் கூடு, அதற்குள் வெள்ளை இறப்பர் பட்டிகள். மோட்டரும் இல்லை, பற்றரியும் இல்லை. தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிட்டால் சும்மா கிடக்கும். நாலு கிழமை கிடந்து, போகிற வருகிற எண்ணெயையும் நஞ்சையும் துளித்துளியாக அந்த இறப்பர் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினால் அந்த நாலு கிழமையும் வாய்க்காலால் என்னென்ன போனது என்று சொல்லிவிடுவார்கள். பூசை நேரம் திறந்தாலும் அதற்குத் தெரியும். பெருநாளன்று திறந்தாலும் தெரியும்.

நான் சேரின் காலில் விழாத குறை. "சேர், மூண்டு கூடு தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் நல்ல மனிதர். தந்தார். அந்த மாநகரசபை அலுவலகத்துப் பெரியவரோடும் கதைத்தார். சரியான ஆதாரம் வந்தால் சேர்விஸ் நிலையத்தின் குழாயை அடைப்பிப்பதாகவும், எங்கள் தெருவுக்கு முதலில் குழாய்த்தண்ணீர் இணைப்புத் தருவதாகவும் அந்தப் பெரியவர் வாக்குக் கொடுத்தார். பிள்ளை பிறப்பதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கணக்குச் சரியாக வரும் போலத்தான் தெரிந்தது.

வாய்க்காலில் ஒன்றைச் சேர்விஸ் நிலையத்துக்கு மேற்பக்கம் கட்டினேன், ஒன்றைக் கீழ்ப்பக்கம் கட்டினேன், மூன்றாவதை அக்கா வீட்டுப் பின்வேலியோடு. அலுவலகத்துக்கும் கடைக்காரர்களுக்கும் இரண்டு பக்கத்தில் அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன்: தொடவேண்டாம், தூக்கவேண்டாம், கழுவவேண்டாம், எண்ணெய்ப் பொருள் எதையும் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். அக்காவுக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. என் அக்காதானே! அவள் வலைக்கயிற்றால் எனக்கு முன்னாலேயே முடிச்சுப் போட்டுக் கட்டினாள். புயல் வந்தாலும் அவிழாத முடிச்சு.

"இது பழுதாகாமல் பத்திரமாப் பார் அக்கா. பிள்ளை இஞ்சை வாறது இதிலைதான் கிடக்கு" என்றேன்.

"நீ போ. என்ரை கண் மாதிரிப் பாப்பன்" என்றாள்.

அவ்வளவுதான் நான் அவளுக்குச் சொன்னது. அந்த இரண்டு வரியை எத்தனை நாள் திரும்பத் திரும்ப யோசித்திருப்பேன். என்னை நானே திட்டிக்கொள்வேன்: விசரி, இன்னும் இரண்டு சொல்லுச் சொன்னால் உன் வாய் தேய்ந்தா போய்விடும்?

மேலே கட்டிய கூடு இரண்டாம் கிழமை காணாமற்போனது. பழைய இரும்பு என்று எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். கீழே கட்டியதைப் போய்ப் பார்த்தபோது தண்ணீர் இறங்கி, ஷொப்பிங் பைகளுக்கு நடுவில் வெயிலில் காய்ந்து கிடந்தது. தெருவில் நின்று வாயில் வந்தபடி பேசினேன். கடைக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

மிஞ்சியது அக்காவின் கூடு ஒன்றுதான். நாலாம் கிழமை முடிய எடுக்கப் போனேன். பாசி இல்லை, சேறு இல்லை, கம்பி பளபளவென்று இருந்தது. நாலு கிழமை அந்தச் சாக்கடைக்குள் கிடந்த கூடு எப்படிப் பளபளக்கும்? எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இத்தனை வருடம் ஆய்வுகூடத்தில் நின்றவளுக்கு அது கண்ணில் குத்தியிருக்கவேண்டும். நான் எங்கே அதைக் கண்டேன்? ஒன்றாவது மிஞ்சியதே என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு பட்டிகளை ஈயத்தாளில் சுற்றி ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன். எண்ணெய் மணந்தது. அந்த வாய்க்காலில் எதுதான் எண்ணெய் மணக்காது?

பெட்டி கொழும்பு பஸ்ஸில் போனது. முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. வந்த தாளைச் சேர் இரண்டு மூன்று தரம் பார்த்தார்.

"எண்ணெய் அளவு மீறிக் கூடக் கிடக்குது பிள்ளை" என்றார். "இவ்வளவு வராது. ஒரு கூட்டை மட்டும் வைச்சுக்கொண்டு நான் என்ன சொல்லுறது?"

"வந்திருக்குத்தானே சேர்! கூட இருந்தால் கூட எண்டுதானே அர்த்தம்? போத்தல்காரர் இல்லையெண்டு எழுதேக்கை ஒருத்தரும் யோசிக்கேல்லை. இப்ப மட்டும் ஏன் யோசிக்கிறியள்?"

அவரிடம் நான் அப்படிச் சத்தம் போட்டுக் கதைத்ததே இல்லை. அவர் அறிக்கையில் கையெழுத்து வைத்தார். ஒரே ஒரு கூட்டின் முடிவுதான் என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினார். பெரியவரின் அலுவலகத்தில் கூட்டத்துக்கு நாள் வைத்தார்கள். பிள்ளை பிறக்க மூன்று கிழமை இருந்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். மகளுக்கென்று ஒதுக்கிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குப் புதுச்சீலை போட்டு, கட்டிலைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தாள். எல்லாம் அவள் தனியாகச் செய்தது. அவளுக்கு முகம் நிறையச் சிரிப்பு. தேத்தண்ணி தந்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"உன்ரை கூட்டை நான் எப்பிடிப் பாத்தன் எண்டு உனக்குத் தெரியாது, என்ன?"

"எப்பிடிப் பாத்தனி?"

"உப்புத்தண்ணி ஏறுற இடமெல்லோ, கம்பியைத் தின்னுமெண்டு எனக்குத் தெரியாதே? கிழமைக்கு ரெண்டு தரம் தூக்கி எடுத்து, பாசியெல்லாம் சுரண்டி, மண்ணெண்ணெயிலை தோய்ச்ச துணியாலை உள்ளுக்கும் வெளியாலையும் வடிவாத் துடைச்சுப்போட்டு விடுவன். அத்தான் எஞ்சினுக்குச் செய்யிறது மாதிரி. ஒரு பொட்டுக் கறள் பிடிக்க விடேல்லையடி."

என் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். வைத்த இடம் தெரியாமல் வைத்தேன், அது சரிந்து ஊற்றுண்டது.

அது கறள் துரு எதுவும் பிடிக்காத கம்பி. அதற்குள் இருந்த இறப்பர் எண்ணெயை உறிஞ்சுவதற்கென்றே செய்தது. அதற்குத்தான் என் அக்கா கிழமைக்கு இரண்டு தரம் மண்ணெண்ணெய் ஊட்டியிருக்கிறாள். அதுவும் எந்த மண்ணெண்ணெய்? நாள்கணக்கில் வரிசையில் நின்று வாங்கிய காலத்துக்குப் பிறகு அவள் அதை மருந்துபோலத்தான் செலவழிப்பாள். விளக்குக்கே அளந்து ஊற்றுகிறவள். கரையில் பிறந்த எவளிடம் ஒரு கம்பிச்சாமானைப் பத்திரமாகப் பார் என்று கொடுத்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். நானும் அந்தக் கரையில் பிறந்தவள்தானே, எனக்கு ஏன் அது மூளையில் தட்டவில்லை?

"ஏனடி, முகம் ஒரு மாதிரிப் போகுது?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. தலையிடிக்குது."

சொல்லியிருக்கவேண்டும். வாய் வரை வந்தது. சுண்ணாம்பு காயாத அந்த அறையையும் அவள் சிரிப்பையும் பார்த்தேன், என்னால் முடியவில்லை. பின்பக்கம் போய் வாய்க்காலோரம் நின்று அழுதேன். சேருக்கு ரெலிபோன் எடுக்கலாம். எடுத்தால் அறிக்கை அத்தோடு முடிந்தது. திரும்பக் கூடு கட்டி, நாலு கிழமை காத்திருந்து, கொழும்புக்கு அனுப்பி... பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிவிடும். வாய்க்காலுக்குள் எண்ணெய் வருகிறதுதானே, இந்தத் தாளில் இருக்கிற எண்ணெய் வேறு என்றாலும் உண்மை உண்மைதானே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். ஆய்வுகூடத்தில் ஒரு தாளில் ஒரு இலக்கத்தைக்கூட மாற்றாதவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதென்று முடிவெடுத்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லாமலே வீட்டுக்குப் போனேன்.

அடுத்தநாள் காலை கூட்டம். நீட்டு மேசை, தலைமாட்டில் பெரியவர். ஒரு பக்கம் சேரும் நானும், எங்கள் தெருவில் நாலைந்து பேரும். கலியாணத்துக்கு உடுத்துகிற சேலையோடு அக்கா. எதிர்ப்பக்கம் சேர்விஸ் நிலைய முதலாளியும், அவர் கூட்டி வந்த இரசாயனம் படித்த ஒரு பெடியனும். சேர் நிதானமாக விளங்கப்படுத்தினார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது.

அப்போது அந்தப் பெடியன் கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். சிரித்தான்.

"இது எஞ்சின் ஒயில் இல்லை சேர். எஞ்சின் ஒயில் எண்டால் மேடு இந்தப் பக்கம் விழவேணும். இது மண்ணெண்ணெய். நாங்கள் மண்ணெண்ணெய் பாவிக்கிறேல்லை."

சேர் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் போதும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கூட்டை ஆர் பாத்துக்கொண்டது?" என்று பெரியவர் கேட்டார். "ஆராவது கை வைச்சிருப்பினமோ?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா எழும்பிவிட்டாள். தங்கச்சியின் வேலையில் குறை பிடிக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது.

"ஒருத்தரையும் கை வைக்க விடேல்லை ஐயா. நான்தான் பாத்தனான். கிழமைக்கு ரெண்டு தரம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, புதுசு மாதிரி வைச்சிருந்தனான். வேணுமெண்டால் தங்கச்சியைக் கேளுங்கோ, எடுக்கேக்கை பளபளவெண்டு இருந்ததோ இல்லையோ எண்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் ஓம் சொல்லவேண்டுமென்று.

முதலில் சிரித்தது முதலாளி. பிறகு மேசையில் பாதிப்பேர் சிரித்தார்கள். "பாத்தியளோ ஐயா," என்றார் முதலாளி, "அவையின்ரை மீன்பிடிப் போட்டெல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடுது. எஞ்சின் கழுவுறதும் அதே வாய்க்காலிலைதான். பிறகு பழி எங்களுக்கு." பெரியவர் சிரிக்கவில்லை. அறிக்கைக் கோப்பை மூடினார். இந்த ஆதாரத்தை ஏற்க முடியாது என்றார். கரையோரத் தெருவில் எஞ்சின் கழுவுவதைத் தடைசெய்து அறிவித்தல் போடவேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஆதாரம் கொண்டு போன எங்கள் மேலேயே பிழை வந்து விழுந்தது. "திரும்ப ஒருக்கா வைப்பம் ஐயா, ஒரே ஒருக்கா" என்று நான் கெஞ்சினேன். சேர் மெல்ல என் பக்கம் குனிந்து, பட்டிகள் முடிந்துவிட்டன என்றார்.

வெளியில் வந்து பஸ்தரிப்பில் நின்றோம். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

"ஏன் எல்லாரும் சிரிச்சவை?" என்று அக்கா கேட்டாள். "நான் என்ன பிழை சொன்னன்?"

அப்போதுதான் சொன்னேன். இறப்பர் என்ன செய்யும், மண்ணெண்ணெய் என்ன செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஐந்து நிமிசம் கூடச் செல்லவில்லை.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"நேற்றுப் பின்னேரம். நீ சொல்லேக்கை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ தாங்கமாட்டாய் எண்டு..."

"எடியே," என்றாள். "சொல்லியிருந்தால் நான் அங்கை வாயே திறந்திருக்கமாட்டனே! என்ரை பிள்ளைக்காக நான் பேசாமல் இருந்திருப்பனேயடி!"

கண்ணைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். பிறகு ரெலிபோனை எடுத்துப் புத்தூருக்கு அழைத்தாள். மகள் உடனே எடுத்துவிட்டாள். காலையிலிருந்து கையில் வைத்துக்கொண்டு இருந்திருப்பாள் போல. அவள் "என்னம்மா, சரிவந்ததோ?" என்று கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"இல்லையம்மா. நீ அங்கேயே நில். இஞ்சை வரவேண்டாம்... மாமியிட்டைச் சொல்லு, அம்மாதான் சொன்னவ எண்டு சொல்லு. நான் வந்து பாப்பன்தானே, அழாதை."

மறுபக்கம் அவள் ஏதோ கேட்டாள். கோபமாகக் கேட்டாள். சின்னம்மா என்று என் பேச்சும் அதில் வந்தது.

"சின்னம்மாவை ஒண்டும் சொல்லாதை பிள்ளை," என்றாள் அக்கா. "அவள் தன்னாலை ஏலுமானது எல்லாம் செய்தவள். எல்லாத்தையும் பழுதாக்கினது நான்தான்."

நான் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ரெலிபோனை வாங்கி, பிழை என்னுடையது என்று அப்போதும் சொல்லவில்லை.